மேசையில் இடமில்லாதவர்கள்

இல்லாத ஊர் ஒன்றில் இல்லாத திருடன் ஒருவனுக்கு எவ்வளவு தண்டனை கொடுப்பது நியாயம் என்று வெளியில் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் உலகத்தை விவரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதில் நடமாடுவார்கள், சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்துவைக்கும். உலகத்தை விவரிக்கும் வேலை பெரும்பாலும் என்னுடையது. டன்ஜன் மாஸ்டர் என்று அதற்கொரு பெயர் உண்டு. அந்த வேலையில் டிராகனைவிடச் சங்கடமானது கடைத்தெரு. வீரர்கள் கயிறோ பந்தமோ வாங்கக் கடைக்குள் நுழைவார்கள். விலை பேசுவார்கள். கடைக்காரன் இறங்கிவர மாட்டான். அப்போது யாராவது ஒருவர், அலுவலகத்தில் குரல் உயர்த்தியே பேசாத ஒருவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "இவன்கிட்ட என்னடா பேச்சு. குத்திட்டுக் கல்லாவைத் தொறக்கறேன்." மேசை சிரிக்கும். பகடை உருளும். சிரிப்பு அடங்குவதற்குள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். தண்டனை கொடு என்று கேட்கிறார்களா, கொடுத்துவிடாதே என்று கேட்கிறார்களா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் கேட்கிறார்கள் என்று சில சமயம் தோன்றுகிறது.

குத்துகிற நண்பரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆட்டமே அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிநூல்களில், நிலவறையிலிருந்து மேலே கொண்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் பலம் கூடும். அடுத்த ஆண்டே, கிரேஹாக் என்ற இணைப்பு நூலில், பூதத்தைக் கொன்றால் கிடைக்கும் புள்ளி வெகுவாகக் குறைந்தது. பூதத்தின் பெட்டியில் இருக்கும் காசுதான் ஆளை வளர்த்தது. அதே நூலில் திருடன் என்றொரு பாத்திர வகையும் வந்து சேர்ந்தது. பூட்டைத் திறக்க எத்தனை சதவீத வாய்ப்பு, அடுத்தவன் பையில் கைவிட எத்தனை சதவீத வாய்ப்பு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டு, கைவிட்டான் என்று அதிர்ச்சி அடைவதில் கொஞ்சம் நடிப்பு இருக்கிறது. காசுக்குப் புள்ளி என்ற விதி 1989-இல் வந்த பதிப்பில் விருப்பத் தேர்வாக ஒதுங்கிவிட்டது. ஆனால் அதற்குள் பழக்கம் நிலைத்துவிட்டது. வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்து, எதிர்ப்பட்டவனைக் கொன்று, மடியைத் தடவிப் பார்க்கும் ஆட்டக்காரரைக் கேலி செய்ய இந்த வட்டாரத்தில் 'மர்டர் ஹோபோ' என்றே ஒரு வசைப்பெயர் புழங்குகிறது. அந்த வசையைத் தனக்குத்தானே பெருமையாகச் சூட்டிக்கொள்பவர்களும் உண்டு.

1979 இறுதியில் கைகாக்ஸ் எழுதிய ஒரு மெல்லிய புத்தகம் இருக்கிறது, 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. பல ஆண்டுகள் தொடக்கநிலைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கப்பட்டதால் ஒரு தலைமுறையே அதை வைத்துத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றது. நாகரிகத்தின் விளிம்பில் ஒரு கோட்டை. சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில், ஓர்க்குகளும் கோப்ளின்களும் கூட்டம் கூட்டமாக வாழும் குகைகள். கோட்டையில் கொல்லன் இருக்கிறான், பொருள் விற்பவன் இருக்கிறான், வட்டிக்கடைக்காரன் இருக்கிறான், ஊரை ஆளும் தலைவன் இருக்கிறான். ஒருவனுக்கும் பெயர் கிடையாது. ஆனால் ஒவ்வொருவனையும் வீழ்த்த எத்தனை ஹிட் பாயின்ட் குறைக்க வேண்டும், வீட்டில் எங்கே எவ்வளவு காசு ஒளித்திருக்கிறான் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. கடைக்காரனைக் குத்தும் நண்பரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கங்கள் ஞாபகம் வரும். உயிரையும் பணத்தையும் கணக்கெடுத்து வைத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிட்ட பட்டியலை வேறு யார் தயாரிப்பார்கள்? கன்னம் வைக்கப் போகிறவன்தான். இன்னொன்றும் அதில் உண்டு. குகைகளில் சண்டையிடாத பெண்களும் குஞ்சுகளும் எத்தனை பேர் என்றும் எண்ணிக்கை கொடுத்திருக்கிறார். அவர்களை என்ன செய்வது என்பதற்கு நூலில் பதில் இல்லை. அது மேசைக்கு மேசை மாறும், சில மேசைகளில் நட்பையே முறிக்கும்.

குற்றம் எங்கே தொடங்குகிறது என்று அந்த நூலை வைத்துக்கொண்டு யோசித்தால் விடை அசிங்கமாக இருக்கிறது. அத்துமீறி வீடு புகுதல், கொலை, கொள்ளை மூன்றும் குகையிலும் நடக்கின்றன, கோட்டையிலும் நடக்கலாம். குகையில் நடந்தால் சாகசம், திரும்பி வந்து சத்திரத்தில் குடித்துக் கொண்டாடலாம். கோட்டையில் நடந்தால் காவலர் வருவார்கள். இடையில் இருப்பது ஒரு மதில்சுவர்தான். சட்டம் மதிலுக்கு உள்ளே மட்டும். இது அந்த நூல் எழுதப்பட்ட ஊருக்குப் பொருந்தாமல் இல்லை. கைகாக்ஸ் வாழ்ந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊரில். பழங்குடிகளை அப்புறப்படுத்திவிட்டுக் குடியேறிய எல்லைப்புறத்தின் கதை அந்த மண்ணில் புதிதாகச் சொல்லப்பட வேண்டியதில்லை. அதற்காக அவர் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் படித்து வளர்ந்தது வாளும் மந்திரமும் கலந்த மலிவுவிலைக் கதைகள். ஆனால் குகையில் பத்து வாரம் புகுந்து கொள்ளையடித்துப் பழகிய ஒருவர், பதினோராவது வாரம் கடைக்குள் நிற்கும்போது, தன் கை செய்யும் வேலையில் எந்த மாற்றத்தையும் உணர மாட்டார். மாறியிருப்பது அவரைப் பார்க்கும் என் கண் மட்டும்தான்.

சரி, காவலரை அனுப்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இன்னொரு முடிச்சு விழுகிறது. இந்த ஆட்டங்களில் பலம் என்பது கல்வியைப் போல மெல்ல ஏறுவதில்லை, மலைபோல் உயர்ந்துவிடும். எட்டாவது லெவல் வீரன் ஒருவன் சாதாரண ஊர்க்காவலர் இருபது பேரைத் தனியாளாகச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் போவான். அப்படிப்பட்டவனை யார் கைது செய்வது? காவலரை அவனுக்கு இணையாக வலுப்படுத்தலாம். 2006-இல் வந்த ஒப்ளிவியன் கணினி ஆட்டம் அதைத்தான் செய்தது, வீரன் லெவல் ஏற ஏறக் காவலரும் கூடவே ஏறினார்கள். ஆனால் அப்படியொரு காவற்படை ஊரில் இருந்தால், மலையில் இருக்கும் பூதத்தை விரட்ட வழிப்போக்கர்களைக் கெஞ்சுவானேன்? காவலரே போயிருக்கலாமே. காவலரைப் பலவீனமாகவே விட்டால் சட்டம் என்பது வலுவில்லாதவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். ஆட்டம் நடத்துபவர்கள் பலரும் இந்த இரண்டாவது வழியின் உண்மையைத் தாங்க முடியாமல் முதல் வழியின் பொய்க்குள் ஒதுங்குகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஊரைவிடப் பெரியவனாகிவிட்ட ஒருவனை ஊர் எப்படிக் கேள்வி கேட்கும் என்பது அரசியலில் பழைய கேள்வி. பகடையும் தேங்காய் பிஸ்கட்டும் கிடக்கும் மேசையில் அது வந்து உட்காரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எப்படியோ பிடித்தாயிற்று, சிறையில் போட்டாயிற்று. இப்போதுதான் உண்மையான தொல்லை. சிறை என்பது ஒருவனுடைய நேரத்தைப் பறிப்பது. மேசையில் இரண்டு நேரங்கள் ஓடுகின்றன, பாத்திரத்தின் நேரம் ஒன்று, அதை ஆடுகிற நண்பரின் நேரம் ஒன்று. பாத்திரத்தின் நேரத்தைப் பறிப்பது காற்றைப் பறிப்பது போன்றது. "ஆறு மாசம் ஓடிப்போச்சு, வெளிய வர்றீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், யாருக்கும் வலிக்காது. வலிக்க வேண்டுமென்றால் நண்பரின் நேரத்தைப் பறிக்க வேண்டும். மற்றவர்கள் ஆட, அவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். வார விடுமுறையில் இரண்டு பஸ் மாறி வந்தவரை அப்படி உட்காரவைக்க எனக்கு என்ன அதிகாரம்? கணினி ஆட்டங்களும் இந்தச் சுவரில்தான் முட்டுகின்றன. 2002-இல் வந்த மாரோவிண்டில் சிறையில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் வீரனின் ஏதோ ஒரு திறமை ஒரு புள்ளி மங்கும். பூட்டுத் திறப்பதும் பதுங்கிச் செல்வதும் மட்டும் மங்காது, கூடத்தான் செய்யும். சிறை திருடனை நல்ல திருடனாக்கும் என்று அந்த விதியை எழுதியவர் எங்கேயோ கவனித்திருக்கிறார். அதே வரிசையில் மாரோவிண்ட், ஒப்ளிவியன், ஸ்கைரிம் மூன்றுமே வீரனைக் கைதியாகத்தான் அறிமுகப்படுத்துகின்றன. என்ன குற்றம் செய்தான் என்று எதிலும் தெளிவாகச் சொல்வதில்லை. ஆட்டக்காரர் தன் விருப்பப்படி இட்டுக்கட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக இருக்கலாம். எனக்கென்னவோ, தண்டனையை முதலிலேயே அனுபவித்தாகிவிட்டது, இனி செய்வதெல்லாம் வரவு என்று அது சொல்வதுபோல் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்கள் தங்களை இடைக்கால ஐரோப்பா என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் நீதிமுறை இடைக்காலத்தைச் சேர்ந்தது இல்லை. சீருடைக் காவலர் தெருத்தெருவாக ரோந்து போவதும், குற்றத்தின் அளவுக்கு ஏற்ப நாள் கணக்கில் சிறையில் அடைப்பதும் பின்னால் வந்தவை. லண்டன் மாநகரக் காவல்துறையே 1829-இல்தான் ஏற்பட்டது. இடைக்காலத்துச் சிறை பெரும்பாலும் விசாரணை வரும்வரை ஆளை வைத்திருக்கும் இடம். கூக்குரல் கேட்டால் ஊரே ஓடிவந்து துரத்த வேண்டும் என்று இங்கிலாந்தில் 1285-இல் சட்டம் இருந்தது. ஐஸ்லாந்தின் பழைய குடியரசில் தீர்ப்புச் சொல்ல மன்றம் உண்டு, நிறைவேற்ற அரசாங்கம் என்று ஒன்று கிடையாது. வழக்கில் வென்றவனே போய் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஊர்விலக்குப் பெற்றவன் மூன்றாண்டு நாட்டைவிட்டுப் போக வேண்டும், அல்லது வாழ்நாள் முழுக்கக் காட்டில் ஓட வேண்டும், கொன்றாலும் கேட்பாரில்லை. கவசமும் கோட்டையும் அந்தக் காலத்தவை, ஆனால் சட்டத்தை மட்டும் நாம் இன்றைய ஊரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறோம். வீட்டை விட்டு எவ்வளவு தூரம் கற்பனை செய்தாலும் போலீஸ் ஸ்டேஷன் இல்லாத ஊரைக் கற்பனை செய்ய வரவில்லை.

நேரத்தைப் பறிக்க முடியாதபோது மிஞ்சுவது அபராதம். 2011-இல் வந்த ஸ்கைரிமில் விலைப்பட்டியல் துல்லியமாக இருக்கிறது. கொலைக்கு 1000 பொன், அடிதடிக்கு 40, பையில் கைவிட்டு மாட்டினால் 25, அத்துமீறி நுழைந்தால் 5. ஒன்பது மாகாணங்களுக்கும் தனித்தனிக் கணக்கு. ஓரிடத்தில் கொலைகாரனாகத் தேடப்படுபவன் அடுத்த மாகாணத்தில் மரியாதைக்குரியவன். காவலனிடம் பணத்தைக் கட்டினால் திருட்டுப் பொருளைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடுவான். பார்த்த சாட்சிகள் எல்லோரையும் கொன்றுவிட்டாலோ, கடைசி சாட்சி செத்தான், உன் பெயரில் இருந்த தொகை நீங்கியது என்று திரையில் அறிவிப்பு வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது சிரித்தேன். பிறகு அந்த வாசகத்தின் பதிவேட்டுத்தனம் கொஞ்சநாள் உறுத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் தலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு அவர் கண்ணெதிரே கடையைக் காலிசெய்யலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக் கும்மாளமிட்டார்கள். கண் மறைந்தால் குற்றமே இல்லை என்ற அந்த உலகத்தின் சட்டத்தை அவர்கள் சரியாகத்தான் படித்திருந்தார்கள். 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட் ஆட்டத்தில் கெட்ட பெயர் எடுத்தால் கடைகளில் விலை ஏறும், கூட வரும் நல்லவர்கள் முகம் சுளித்துப் பிரிவார்கள். நல்ல பெயர் வேண்டுமானால் கோயிலில் காணிக்கை செலுத்தினால் போதும், ஏறும். இது கற்பனை உலகத்துக்கு மட்டும் உரிய வசதி என்று நினைக்க முடிந்தால் நிம்மதியாக இருக்கும்.

உயிருக்கு விலை என்பது கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலோ சாக்சன் வெஸெக்ஸில் சாதாரண குடியானவனைக் கொன்றால் 200 ஷில்லிங், மேட்டுக்குடி வீரனைக் கொன்றால் 1200. ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனிக்கத் தோன்றுகிறது. செத்தவனின் உறவினர் கைக்கு அது போனது. பழிவாங்கக் கிளம்பும் அண்ணன் தம்பிகளை உட்காரவைத்து, எண்ணிக் கொடுத்து, பகையை முடிக்கும் ஏற்பாடு. கொடுப்பவன் அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஸ்கைரிமின் 1000 பொன் காவலன் பைக்குப் போகிறது. செத்த கடைக்காரனின் வீட்டுக்கு ஒரு காசும் போகாது, அவனுக்கு வீடு இருந்ததா என்றே தெரியாது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் சங்கடத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளியின் நண்பர்கள். குத்தியவருக்காகப் பேச ஆள் இருக்கிறது, அவரே இருக்கிறார். அவருடைய கூட்டாளிகள் இருக்கிறார்கள். குத்துப்பட்டவனுக்காகப் பேச வேண்டிய ஒரே ஆள் நான். கடைக்காரனாகப் பேசியதும் நான், அவனைச் சாகடித்துக் காட்டியதும் நான், காவலனாக ஓடிவர வேண்டியதும் நான், நீதிபதியும் நான். இத்தனை வேஷத்தையும் ஒருவனே போட்டால் அதில் செத்தவனின் குரல்தான் முதலில் காணாமல் போகிறது.

மந்திரம் வேறு இதற்குள் புகுந்து குழப்புகிறது. அதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், எழுத மாட்டேன், ஆனால் ஒரு கணக்கை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் செத்துப் பத்து நாளுக்குள் ஒருவரை மந்திரத்தால் எழுப்பலாம். அதற்கு 500 பொன் பெறுமானமுள்ள வைரம் வேண்டும். அதே நூலின்படி, தொழில் தெரியாத கூலியாளின் ஒருநாள் சம்பளம் இரண்டு வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். ஆக, அந்த வைரம் ஒரு கூலியாளின் 2500 நாள் உழைப்பு, சாப்பிடாமல் சேர்த்தால் கிட்டத்தட்ட ஏழு வருஷம். பிரபுவைக் கொன்றால் அவர் மறுநாள் எழுந்து உட்கார்ந்து வழக்குப் போடுவார். சுமைகூலியைக் கொன்றால் அவன் செத்தது செத்ததுதான். இப்படிப்பட்ட ஊரில் கொலை என்ற சொல்லுக்கு இருவருக்கும் ஒரே தண்டனை எப்படி விதிப்பது? தூக்கிலிட்ட வீரனை அவன் கூட்டாளிகள் எழுப்பிக்கொண்டு போனால் தண்டனை நிறைவேறியதா, நிறைவேறவில்லையா? பிணத்தை ஐந்து கேள்வி கேட்கும் மந்திரமும் உண்டு. ஆனால் பிணம் உண்மைதான் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பொய் பேச முடியாத வட்டம் ஒன்றைத் தரையில் எழுப்பலாம், அதற்குள் நிற்பவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விதி எழுதியவர்கள் ஒவ்வொரு மந்திரத்திலும் ஒரு ஓட்டையை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் இல்லையென்றால் துப்பறிய ஒன்றும் இருக்காது என்பது ஒரு காரணம். முழு உண்மை தெரிந்த நீதிமன்றத்தை அவர்களுக்கும் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்னவோ.

காவலரே இல்லாத இரண்டு தண்டனைகள் என் மனதில் தங்கியிருக்கின்றன. ஒன்று, 1985-இல் ரிச்சர்ட் காரியட் உருவாக்கிய அல்டிமா ஃபோர். மந்திரப் பொருள் விற்கும் ஒரு பார்வையற்ற பெண்மணி விலையைச் சொல்லி, நீங்களே எண்ணி வையுங்கள் என்பாள். குறைவாக வைத்தாலும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லுவாள். ஒன்றும் நடக்காது. மணி அடிக்காது, யாரும் துரத்த மாட்டார்கள். வெகுநேரம் கழித்து, நேர்மையில் தேர்ச்சி கேட்டுப் போகும்போது அது கிடைக்காது. ஆட்டம் எல்லாவற்றையும் உள்ளுக்குள் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. முந்தைய ஆட்டங்களில் ஜெயிப்பதற்காக ஆட்டக்காரர்கள் ஊரார் மீதே கைவைத்ததைக் கண்டு யோசித்துத்தான் காரியட் இதைச் செய்தார். இன்னொன்று 1993-இல் கேம்பாய் கருவிக்கு வந்த செல்டா ஆட்டம், லிங்க்ஸ் அவேக்கனிங். அதில் கடைக்காரர் திரும்பி நிற்கும்போது பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால், அதுவரை நாம் வைத்த பெயர் அழிந்து, ஆட்டம் முடியும்வரை எல்லோரும் நம்மைத் திருடன் என்றே கூப்பிடுவார்கள். மறுபடி அந்தக் கடைக்குள் போனால் கடைக்காரர் சுட்டுப் பொசுக்குவார், அது வேறு. பொசுக்கியதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, திரும்ப ஆடலாம். பெயர் போனதைத்தான் வளர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் இருந்த இரண்டு மூன்று வரி நிரல், நாள் கணக்குச் சிறையெல்லாம் செய்யாததைச் செய்துவிட்டது.

குத்துப்பட்டவனுக்கும் மேசையில் நாற்காலி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 1997-இல் அல்டிமா ஆன்லைன் வந்தபோது ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துக்குள் நுழைந்தார்கள். வழிப்பறிக்காரனும் நிஜ மனிதன், வழிப்பறிக்கு ஆளானவனும் மாதச் சந்தா கட்டும் நிஜ மனிதன். வெளியாவதற்கு முந்தைய சோதனை ஓட்டத்திலேயே, அரசர் வேடத்தில் நின்ற காரியட்டின் பாத்திரத்தை ஓர் ஆட்டக்காரர் தீ மந்திரத்தால் கொன்றுவிட்டார். பிறகு சுரங்க வாசல்களில் கொலைக் கும்பல்கள் காத்திருந்தன. புதிதாக வந்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டப் பயந்தார்கள். நிர்வாகம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தது. கொலை எண்ணிக்கை வைத்தார்கள், ஐந்தை எட்டினால் பெயர் சிவப்பாகும், ஊருக்குள் நுழைய முடியாது. எண்ணிக்கை குறைய வேண்டுமானால் உலகத்துக்குள் இணைந்தபடி மணிக்கணக்கில் நேரம் கழிய வேண்டும். கொலைகாரர்கள் என்ன செய்தார்கள்? பாத்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போனார்கள். மேசையில் நான் முட்டிய அதே சுவர்: தண்டனைக் காலத்தை இயந்திரம் அனுபவித்தது, மின்கட்டணம் ஆள் கட்டினார். கடைசியில் 2000-இல் உலகத்தையே இரண்டு பிரதியாக்கினார்கள். ஒன்றில் சம்மதமில்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது, மற்றதில் பழையபடி. பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு பாதுகாப்பான பிரதிக்குப் போனார்கள். ஆட்டம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சுரங்க வாசலில் காத்திருந்தவர்கள், எத்தனை பேர் உள்ளே போக முடியாமல் நின்றவர்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் இருந்தது, பணமும் இருந்தது. கிடைத்தது நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேறு ஊர் கிடைத்தது.

நடத்துபவரின் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டனை என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பல வாரம் உட்கார்ந்து ஓர் ஊரை எழுதியிருப்போம். சத்திரக்காரியின் மூக்குத்தி வரை யோசித்திருப்போம். ஒருவர் வந்து பத்து நிமிஷத்தில் கொளுத்திவிடுவார். அப்போது வரும் ஆத்திரத்துக்கு நியாயத்தின் உடையை மாட்டுவது சுலபம். 1979-இல் கைகாக்ஸ் எழுதிய டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், மேசையில் வம்பு செய்யும் ஆட்டக்காரரை அடக்கச் சில யோசனைகள் இருக்கின்றன. வானத்திலிருந்து நீல மின்னல் இறங்கி அவர் பாத்திரத்தின் தலையில் விழட்டும் என்பது ஒன்று. அவர் பாத்திரத்தின் வசீகரப் புள்ளியை நிரந்தரமாகக் குறைத்துவிடுங்கள் என்பது இன்னொன்று. தொல்லை கொடுத்தவர் நாற்காலியில் இருக்கும் மனிதர், அடிபடுவது காகிதத்தில் இருக்கும் பாத்திரம். பாதி வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் கற்பனை ஊரின் காவலரை நான் அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவர்களில் பாதிப்பேர் அந்த நீல மின்னலின் உறவுக்காரர்கள்தான் என்று படுகிறது. நண்பரின் நடத்தை பிடிக்கவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தி, "இது எனக்குப் பிடிக்கலடா" என்று மனிதக் குரலில் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் இல்லாதபோது ஈட்டி பிடித்த பத்துப் பேரைத் தெருமுனையில் நிறுத்துகிறோம்.

அப்படியானால் ஊருக்குள் எதையும் செய்துவிட்டுப் போகலாமா என்றால், இல்லை. சிலர் இதை எனக்கு முன்பே நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஜான் ஹார்ப்பர் 2017-இல் வெளியிட்ட பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் எல்லோருமே குற்றவாளிகள், டாஸ்க்வால் என்ற இருண்ட நகரத்தின் சிறு கும்பல் ஒன்று. திருட்டுக்குத் திருட்டு போலீஸின் சூடு ஏறும், தேடப்படும் அளவு கூடும். அதைக் குறைக்க ஒரே வழி, கும்பலின் சார்பில் யாராவது ஒருவர் சிறைக்குப் போக வேண்டும். நீங்களே போகலாம். உங்கள் நண்பரை அனுப்பலாம். சம்பந்தமில்லாத எதிரியின் தலையில் கட்டலாம். இந்த விதி வந்தவுடன் மேசையில் நடக்கும் பேச்சு மாறிவிடுகிறது. எவ்வளவு அபராதம் என்று யாரும் கேட்பதில்லை. யார் போவது என்று கேட்கிறார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோராந்தா உலகத்தில் நடக்கும் ரூன்குவெஸ்டில் பிடிபட்டவனைக் கொல்லாமல் மீட்புப் பணத்துக்கு வைத்திருப்பது வழக்கம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவனை மீட்கக் கடமைப்பட்ட குலமும் கோயிலும் உண்டு என்பதை அதனால் ஆட்டக்காரர் மறக்க முடியாது. இடைக்கால இங்கிலாந்திலிருந்தே ஓர் ஏற்பாட்டை இரவல் வாங்கலாம். கொலைசெய்தவன் ஓடி ஒரு தேவாலயத்துக்குள் புகுந்துகொண்டால் 40 நாள் யாரும் தொட முடியாது. அதற்குள் அவன் அரசு அதிகாரியின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டே போய்விடுவதாகச் சத்தியம் செய்யலாம். குறித்துக் கொடுத்த துறைமுகத்துக்கு, தலையில் ஒன்றும் அணியாமல், கையில் சிலுவையோடு, நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். விலகினால் யாரும் வெட்டலாம். வழியெல்லாம் பார்ப்பவர்களுக்கு அவன் யார் என்று தெரியும். ஒரு மாலை ஆட்டத்துக்கு இதைவிட நல்ல தண்டனை எனக்குத் தெரியவில்லை. நண்பர் ஓரமாக உட்கார வேண்டியதில்லை, முழுநேரமும் ஆடுவார், ஆடுவதுதான் தண்டனை.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்திருப்பது ஒன்றுதான். இவை குற்றவாளிக்கும் பகடைக்கும் இடையில் வேறொரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. சிறைக்குப் போகும் கூட்டாளி, மீட்க வரும் அத்தை, சாலையோரத்தில் நின்று பார்க்கும் ஆள். அதனால் இந்த ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். ஊருக்குச் சட்டப்புத்தகம் எழுதாதீர்கள், எந்தக் குற்றத்துக்கு எத்தனை பொன் என்று பட்டியல் போடாதீர்கள், ஆட்டக்காரர்கள் அதை விலைப்பட்டியலாகத்தான் படிப்பார்கள். அந்த நேரத்தில் கடைத்தெருவில் இருப்பவர்களுக்குப் பெயர் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், இவர் செத்தால் யார் வந்து கதவைத் தட்டுவார் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதியதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே காட்டினாலும் தப்பில்லை.